முள் இல்லாத மீன்

ஏழு மணிக்குமேல் ஆ லியாங் கடையில்
கெம்போங் தீர்ந்துபோயிருந்தது.
செலார் இருந்தது, கண் கலங்கிக் கிடந்தது.
ஐஸ்பெட்டிக்குள் கைவிட்டு ஒரு பாக்கெட்டை எடுத்து
"டோரி. முள்ளு இல்ல, தலை இல்ல, வேலை இல்ல" என்றான்,
தோட்டத்தில் பழகிய தமிழில்.
பதினாலு வெள்ளி எண்பது காசு.

வாலில்லை. செதிலில்லை.
கடலா குளமா என்று எங்கும் எழுதவில்லை.
நனைந்த தாள்போல் வெள்ளையாய் மூன்று துண்டு.
இது மீன் என்று பாக்கெட்தான் சொல்கிறது.

பகாவில் மழை பிடித்துக்கொண்டது.
ஆலையிலிருந்து அந்த வாடை,
வெந்த செம்பனைக் குலையும் புகையும்,
மழைக்கு முன்னால் தாமானுக்குள் வந்துவிடும்.
அதற்கு நாங்கள் ஜன்னல் சாத்துவதில்லை.
இவர் ஆறரைக்கே வந்துவிட்டார்.
மோட்டார்சைக்கிளைத் துடைத்தார்,
துடைத்ததையே இன்னொரு தடவை துடைத்தார்.

பேங்க் கடிதம் வந்து இன்றோடு பதினொரு நாள்.
யாரோ ஒரு குணாளனின் லாரி.
ஜாமீன்தாரர் என்ற இடத்தில் செங்குட்டுவன்.
நகலில் பார்த்தேன். அழகான கையெழுத்து,
கல்யாணப் பதிவில் போட்டதைவிட அழகு.

இந்த மீனுக்கு நான் புதுசு.
மஞ்சள் பூசினால் முகம் மாறிவிடும் என்று நினைத்தேன்.
முகம் ஏது அதற்கு.
பாக்கெட்டோடு தண்ணீரில் போட்டு உறைவை இறக்கினேன்.
பிறகு ஈரம். ஈரம்தான் இதற்குச் சத்துரு.
நல்ல துண்டால் ஒற்றி, திருப்பிப்போட்டு ஒற்றி,
உப்பு, வெள்ளை மிளகுத்தூள், மேலுக்குச் சோளமாவு.
சட்டியைப் புகை எட்டிப் பார்க்கும்வரை காயவிட்டேன்.
பாக்கெட் எண்ணெய், கிலோ இரண்டரை வெள்ளி.
எடைமேடையில் இவர் நிறுத்துப் பதிந்த பழம்
ஒரு சொட்டாவது அதில் இருக்கும்.

போட்டதும் சட்டியைப் பிடித்துக்கொண்டது.
கரண்டியை நுழைத்தேன், ஓரம் கிழிந்தது.
அப்புறம் நுழைக்கவில்லை.
மூன்று நிமிடம் சும்மா நிற்பது
என் அடுப்பங்கரையில் நடந்ததே இல்லை.
பிறகு லேசாக ஆட்டினேன்,
வழுக்கிக்கொண்டு தானே வந்தது.
இரண்டு துண்டு போதும். ஒன்றை மூடிவைத்தேன்.
பூண்டு, கொஞ்சம் வெண்ணெய்,
மழையில் ஓடிப்போய்த் தொட்டியிலிருந்து பறித்த
கஸ்தூரி எலுமிச்சை இரண்டு.

எங்கள் வீட்டில் மீன் நாளில் பேச்சு இராது.
முள்ளு இருக்கிறது, யாரும் யாரையும் கேட்பதில்லை.
அதனால்தான் வெள்ளிக்கிழமை நீங்கலாக
இத்தனை நாளும் மீனே ஆக்கினேன்.
கெம்போங், செலார், ஒருநாள் தெருபோக்.
முள்ளுக்கென்றே பிறந்த ஜாதி அது.
அன்றைக்கு ஒன்றேகால் மணிநேரம் நிம்மதி.

இன்று ஒளிய இடமில்லை.
சோறு, நேற்றைய ரசம், இந்த வெள்ளைத் துண்டு.
அவர் விரல் பழக்கத்தில் பிட்டுத் தடவி,
விளக்குக்குக் காட்டி,
இல்லாததைத் தேடிக்கொண்டிருந்தது.
தேடி முடித்த இரண்டு பிட்டை
என் தட்டு ஓரத்தில் வைத்தார், எப்போதும்போல.

"முள்ளு இல்ல இதுல."
என் குரல் எனக்கே கரகரப்பாய்க் கேட்டது.
"தெரியும்."
விரல் நிற்கவில்லை.
"எவ்வளவு பாக்கி?"
தகரக் கூரையில் மழை பெரிதானது.
"முப்பத்தெட்டாயிரம்."
"குணாளன்?"
"போன் எடுக்க மாட்டேங்கிறான்."

இன்னும் கேட்க இருந்தது.
மென்றுகொண்டே யோசிக்கலாம் என்றால்
இது மெல்லுவதற்குள் கரைந்துபோகிற மீன்.

எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.
மூடிவைத்த துண்டு மறுபடி ஈரம் விட்டிருந்தது,
ஒற்றினேன்.
அவரும் தட்டோடு வந்து பக்கத்தில் நின்றார்.
"மாசாமாசம் கட்டுறோம்னு பேங்க்ல பேசிப் பாக்கலாம்"
என்றேன் சட்டியிடம்.
"வியாழக்கிழமை அரைநாள் லீவு கேக்குறேன்."
"நானும் வரேன்."

எண்ணெய் இன்னும் காயவில்லை.