இரண்டடி

மார்ச் மாதம், விடிய இன்னும் மூன்று மணி நேரம்.
சாலை எது, வேலி எது என்று
பனிக்கு மட்டுமே தெரியும்.
மெங்கியா வீட்டுத் திருப்பத்தில்
என் வண்டியின் பனிவாரிக் கத்தி
எதையோ தொட்டது.
டொக். ஒரே ஒரு சத்தம்.
இறங்கிப் பார்க்கவில்லை. மேலே பதினெட்டு வளைவு பாக்கி,
ஆறு மணிக்குள் கணவாயைத் திறக்க வேண்டும்.

ஏப்ரலில் பனி உருகியதும் தெரிந்தது.
முன்பு பன்றிகள் தின்ற கல்தொட்டி,
அதில் ஏழு வருடமாக ஒரு ஜென்ஷியன்.
இரண்டடி தெற்கே நகர்ந்து
ஒரு மூலையை கவுதென்ஸின் நிலத்தில் வைத்திருந்தது,
அடுத்த வீட்டு வாசலில் ஒரு கால் வைத்து
உள்ளே வரலாமா என்று கேட்பதைப்போல.

அஞ்சலகத்தில் தபால்தலை கேட்டால்
மெங்கியா இரண்டு வார்த்தை பேசுவாள்.
இந்தச் செடியைக் கேட்டால்
வரிசை கதவுக்கு வெளியே போய்விடும்:

'விதை, மூக்குப்பொடி மாதிரி. தும்மினால் போச்சு.
மண் போட்டு மூடாதே, அதற்கு வெளிச்சம் வேண்டும்.
சட்டியை வெளியே வை,
டிசம்பர் அதன்மேல் ஏறி உட்காரட்டும்.
நடுங்காத விதை முளைக்காது.
பாதிக்குப் பாதி சரளை கல.
தண்ணீர் வேண்டும், ஆனால் தேங்கக் கூடாது.
எரு வைத்துக் கொழுக்கவிட்டால் இலைதான்.
நாற்றை நட்டபின் சுற்றிலும் காலால் மிதி.
ஆமாம், மிதி.
இறுகப் பிடித்தால்தான் வேர் நம்பும்.'

எல்லாம் செய்தாள்.
ஏழு மே மாதங்கள், கல்லோடு ஒட்டிய பச்சைப் பாய்.
பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும்
ஒரு மொட்டு இல்லை.
'மேலே மேய்ச்சலில் யாரும் கேட்காமல் பூக்கிறது,
மாடு அதன்மேல் படுத்துத் தூங்குகிறது' என்பாள்,
என்னைப் பார்த்து,
நான்தான் மாடு என்பதுபோல.

அந்த மே மாதம், பதினொன்று.

தண்டென்று சொல்ல ஒன்றுமில்லை.
மண்ணே வாய் திறந்து
ஊதாமல் வைத்திருந்த எக்காளங்கள்.
தொண்டைக்குள் பச்சைப் புள்ளிகள்.
அந்த நீலத்தை முதலில் பார்த்தபோது
ஏதோ திட்டு வாங்கியதுபோல்
தொப்பியைக் கழற்றினேன்.

அளவு நாடாவோடு வந்தார் கவுதென்ஸ்.
விறகுக்கட்டு ஒரு சாண் சாய்ந்ததற்கு
நான்கு வருடம் வழக்கு நடத்தியவர்.
பதினொன்றில் நான்கு தன் பக்கம் என்று எண்ணி முடிக்குமுன்
ஒரு மேகம் வந்தது.
பதினொன்றும் குடை முறுக்கியதுபோல் மூடிக்கொண்டன.
அவர் மண்டியிட்டபடியே காத்திருந்தார்.
இருபது நிமிடம். முழங்கால் வலிக்காரர்.
வெயில் வந்தது, ஒவ்வொன்றாய் அவிழ்ந்தன.
நாடாவைச் சுருட்டினார்.
'இந்த வருடம் இருக்கட்டும்.'

ஊரே காரணம் சொன்னது.
கூரை நிழல் விலகி ஒரு மணி வெயில் கூடியது;
சுண்ணாம்பு; நிலா; அதிர்ந்துபோன வேர்.
மெங்கியா எல்லாவற்றையும் நோட்டில் எழுதி
ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி வைத்தாள்.
எனக்கு மூன்று முறை நாக்கு நுனிவரை வந்தது.
மூன்று முறையும் தபால்தலை வாங்கினேன்.
எனக்குக் கடிதம் எழுத ஆளில்லை.

அடுத்த வருடம் மறுபடி இலை.

நவம்பரில் சாலையோரம்
சிவப்புக் கம்பங்கள் நட்டுக்கொண்டு வந்தேன்,
இருட்டில் கத்திக்கு வழி சொல்ல.
தொட்டியின் வடக்குப் பக்கம்
ஒன்றுக்கு இரண்டாக ஊன்றப் போனேன்.
மெங்கியா கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.
அவள் கட்டைவிரல்
கல்லின் விளிம்பில் ஒரு கீறலைத் தடவியது.
ஆரஞ்சு வண்ணப்பூச்சு,
என் வண்டியின் ஆரஞ்சு.

'கவுதென்ஸிடம் கேட்டுவிட்டேன்' என்றாள்.
'அந்தப் பக்கம்
இன்னும் இரண்டடி இடம் இருக்கிறதாம்.'