இருபதிலிருந்து எண்பதுக்கு

பருத்தித்துறைக் கரையோரம் இருபது மீற்றர்க் கட்டங்கள்.
வெளிக்கடலுக்கு எண்பது போதும் என்று
நான்தான் விட்டேன்.
கொம்பியூட்டர் பழசு, கரண்டையும் நம்ப ஏலாது.

அணையில் மோதிய அலையை வெளியே போகவிட்டேன்.
போனது.
மூன்றாம் நிமிடம் தன்னில் ஒரு துண்டைத்
திருப்பி அனுப்பியது,
சின்னதாய், முள்ளுமுள்ளாய்.

பாறை இல்லை அங்கே. கற்பாரும் இல்லை.
ஏழு பாகம் தண்ணீர், கீழே வெறும் மணல்.
சமன்பாட்டை அடியிலிருந்து வாசித்தேன்,
அதிலும் இல்லை.
இருபது எண்பதாகிற ஒற்றைக் கோட்டில்
என் கையால் எழும்பிய சுவர்.

ஆழம் அளந்து தருகிற யூஜின் அண்ணையிடம்
திரையில் இடத்தைத் தொட்டுக் கேட்டேன்,
உதில என்ன கிடக்கு?
"ஒண்டுமில்லை."
செருப்பை மாட்டினவர் வாசலில் நின்றார்.
"பாஸ் இருந்த காலம்
நாங்களும் உதிலதான் திரும்பினனாங்கள்.
அப்பவும் ஒண்டுமில்லை."

இரவு கட்டங்களைப் புதிதாய் வெட்டினேன்:
இருபது, இருபத்திரண்டு, இருபத்திநாலு,
பக்கத்துக் கட்டத்துக்கே தெரியாமல் பெருக்கவிட்டேன்.
முள்ளு படிந்தது.
முழுக்க இல்லை.
ஐந்தாம் தசமதானத்தில் இன்னும் ஏதோ
கரைக்கு வந்துகொண்டிருக்கிறது.