குறிப்பு: ஓடினான்

ஜுபைல் முகாமில் நான் டைம்கீப்பர்.
என் பேரேட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
மூன்று நாளாய் எண்ணினால்
முந்நூற்றுப் பதினொன்று.

நேற்றிரவு பினாங்கிலிருந்து வந்து சேர்ந்தது
ஒரே ஒரு பக்கத்தின் படம்.
பதினாலு மாதம், நான்கு நினைவூட்டல்,
வங்கிக் கட்டணம் தனி.
இடது ஓரத்தைக் கறையான் தின்றிருந்தது.

வரிசை எண் நூற்று நாற்பத்தேழு.
பெயரைக் குமாஸ்தா
காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறான்;
சேவாண்டி என்று படிக்கலாம்,
சிவந்தி என்றும் படிக்கலாம்.
ஊர்: டின்னவெல்லி.
அத்தனை பெரிய ஜில்லாவில் எந்த ஊரென்று கேட்க
அவனுக்குப் பொழுதில்லை.
குற்றம், கும்பலாய்க் கொள்ளை. தண்டனை, ஆயுள்.
உயரம் ஐந்தடி மூன்றங்குலம்.
இடது முழங்கையில் தீத்தழும்பு.
வலது காதில் இரண்டு துளை.
நெற்றியில் எழுத்து.

அங்கே நிறுத்தித் தண்ணீர் குடித்தேன்.

ஊரில் எங்களுக்குப் பட்டப்பெயர்
நெத்தியெழுத்தான் வீடு.
பங்காளிகள் அதைச் சிரித்தபடி சொல்வார்கள்,
கடன்காரர்கள் சிரிக்காமல்.
எழுதியவன் பிரம்மன் என்றே
நாங்களும் நம்பியிருந்தோம்.
பாளையங்கோட்டை ஜெயிலில்
ஊசியும் கரிமசியுமாய் உட்கார்ந்திருந்த
எவனோ ஒருவன்.
ஒரு நெற்றிக்கு இத்தனை காசென்று
அவனுக்கும் கூலி இருந்திருக்கும்.

நான் இறங்கிய வாரம்
பத்து விரலையும் இரண்டு கண்ணையும்
கண்ணாடியில் வைத்து எடுத்துக்கொண்டார்கள்.
இரண்டையும் ஒன்றென்று சொல்லமாட்டேன்.
எனக்குச் சம்பளம் உண்டு,
இரண்டு வருடத்துக்கு ஒரு டிக்கெட் உண்டு.
அவர் காலில் இரும்பு வளையம்.
ஆனாலும் விடியுமுன் நாலரைக்கு
பஸ் படியில் நின்று ஆளெண்ணும்போது
ஹெல்மெட் பட்டை அழுத்திய சிவப்புக் கோடு
நேற்றையது இன்னும் மறையாமல்
ஒவ்வொரு நெற்றியாய் ஏறிப் போகிறது.

பக்கத்தின் கடைசிப் பத்தி, குறிப்பு.
மேலே இருப்பவன் செத்தான்.
அதற்கு மேலே இருப்பவனும்.
அதற்கும் மேலே வாந்திபேதி, செத்தான்.
எங்களுடையவருக்கு நேரே
ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து:
ஓடினான்.
பிடிபட்டதாய் எங்கும் இல்லை.
அடுத்த பக்கத்தைக் கேட்டேன்.
அடுத்த பக்கமே இல்லையாம்.

ஓடியவர் எங்கே போனார்?
நெற்றியை யாரோ பார்த்திருக்கிறார்கள்,
பார்க்காமல் பட்டப்பெயர் வராது.
கப்பலுக்கு ஓட்டிப்போன அன்று
ஜெயில் வாசலில் நின்று அவர் பெண்டாட்டி பார்த்ததா,
பல வருடம் கழித்து ஒரு ராத்திரி
புருவம்வரை இறக்கிக் கட்டிய தலைத்துணியை
அவரே அவிழ்த்துக் காட்டியதா?
நான் இரண்டாவதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.
ஆதாரம் கிடையாது.

காலையில் மேனேஜரின் செய்தி:
எண் இருநூற்று ஆறு, குற்றாலிங்கம், ஸ்கஃபோல்டர்.
இன்றே ஹுரூப் போடு.

ஒரு பொத்தான்தான்.
அழுத்தினால் அவன் வங்கி அட்டை செத்துப்போகும்,
நாலு மாதச் சம்பள பாக்கியைக் கேட்க
வாயில்லாமல் போகும்,
எந்தச் சோதனைச் சாவடியிலும்
அவன் முகத்தைப் பார்த்ததும் திரை சிவக்கும்.

அவன் கட்டிலைப் பார்க்கப் போனேன்.
விரிப்பை மடித்து வைத்திருந்தான்.
அடியில் ஹெல்மெட்.
உள்பட்டையில் வியர்வை காய்ந்து
உப்பு வெள்ளையாய் ஒரு வரி.
எழுத்தா என்று பார்த்தேன்; உப்புதான்.

திரும்பி வந்து பினாங்குப் படத்தைப்
பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஆள் காணாத தேதி, மார்ச் மூன்று.
குறிப்பு எழுதிய தேதி, மார்ச் ஒன்பது.
மையும் வேறு.
இடையில் ஆறு நாள்
அந்தக் குமாஸ்தா என்ன செய்துகொண்டிருந்தான்?
சோம்பேறியாய் இருக்கலாம்.
படுத்த படுக்கையாய்க் கிடந்திருக்கலாம்.

இருநூற்று ஆறுக்கு நேரே
'காய்ச்சல்' என்று அடித்தேன்.
ஞாயிற்றுக்கிழமைவரை தாங்கும்.