ஆறிலிருந்து எட்டு

ராணிப்பேட்டை சிப்காட்டில், பங்காருவின் தகரக் கொட்டகை.
ஒரே மில்லிங் மிஷின், மணிக்கு நூற்றெழுபது வாடகை.
கரும்பலகையில் நான்கு பெயர்கள்:
தஸ்தகீர், எபினேசர், துரைவேலு,
கடைசியில் சாக்பீஸ் தீர்ந்து அரைகுறையாக
குணசுந்தரி. ஆறிலிருந்து எட்டு.

நால்வரும் ஒன்றாய் நின்று பேசியதில்லை.
ஒருவர் கைச்சூடு ஆறுமுன்
அதே பிடியை அடுத்தவர் பிடிக்கிறோம்.
வைஸ் இடுக்கில் பித்தளைப் பொடி மினுங்கினால்
தஸ்தகீர் வந்துபோனார்.
எண்ணெய் தேங்கி நின்றால் எபினேசர்.
துரைவேலு தடயமே வைக்கமாட்டார்,
சீவலைப் பிரஷ்ஷால் தள்ளி
பிரஷ்ஷையும் தட்டி மாட்டிவிட்டுப் போகிறவர்.

அன்று நுழைந்தபோது கரண்ட் இல்லை.
தகரத்திலிருந்து பங்குனி இன்னும் இறங்கவில்லை.
தோல் தொழிற்சாலைப் பக்கமிருந்து சுண்ணாம்பு வாடை.
டேபிள் துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

வளையல்கள் டிபன் பாக்ஸுக்குள்,
துப்பட்டா ஆணியில்,
பின்னல் சட்டைக் காலருக்குள்.
கையுறை போடுவதில்லை.
சுற்றுகிற கட்டர் முதலில் துணியைத்தான் கேட்கும்,
அப்புறம் துணிக்குள் இருப்பதை.

மெயின் பிடி மேலேயே நின்றது.
கீழே இழுத்தேன்.
பெரிய யோசனை ஒன்றுமில்லை,
வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி.

கரண்ட் இல்லாத நேரத்துக்கு வாடகை இல்லை,
அதற்குள் வேலையை அமைத்துவிடலாம் என்று ஒரு கணக்கு.
தோல் டிரம்முக்கான தண்டு, பத்து மில்லி சாவிப்பள்ளம்.
வைஸில் உட்காரவைத்து, சுத்தியால் தட்டி,
கட்டரை மாட்டி இறுக்கி,
ஸ்பானரை மறக்காமல் எடுத்துக் கீழே வைத்து,
கட்டருக்கும் தண்டுக்கும் நடுவே
சிகரெட் தாள் ஒன்றை இரண்டு விரலால் பிடித்தபடி
டேபிளை மயிரிழை மயிரிழையாக ஏற்றினேன்.

நடுவில் எப்போதோ கரண்ட் வந்தது.
டியூப்லைட் இமைத்தது, அடுத்த ஷெட்டில்
கம்ப்ரஸர் இருமி எழுந்தது,
"வந்துருச்சு" என்று ஒரு குரல் தெருவுக்கே சொன்னது.
என் விரல்கள் அப்போது எங்கே இருந்தன என்று
அப்போது நான் நினைக்கவில்லை.

தாள் லேசாய்ப் பிடித்தது. டேபிளைப் பின்னால் நகர்த்தி,
கண்ணாடி அணிந்து, ஓரமாய் நின்று
மெயினை மேலே தள்ளினேன்.
பச்சைப் பொத்தானைத் தொடவே இல்லை.

கட்டர் சுற்றியது.

சிவப்பை அழுத்தினேன், அடங்கியது.
விரலை எடுத்தேன், மறுபடி உறுமியது.
மெயினை இழுத்துவிட்டு
ஸ்டார்ட்டர் முன்னால் குந்திப் பார்த்தேன்:
பச்சைப் பொத்தான் வெளியே வராதபடி
இடுக்கில் நாலாய் மடித்துச் செருகிய பஸ் டிக்கெட்.
முத்துக்கடை என்பது மட்டும் அழியாமல் இருந்தது.

தாளைப் பிடித்த இரண்டு விரல்களையும்
கொஞ்ச நேரம் இன்னொரு கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் செருகினார் என்று தெரியும்.
காயில் தேய்ந்துவிட்டது. பக்கத்து கம்ப்ரஸர் எழுந்தால்
வோல்டேஜ் சரிந்து மிஷின் பாதி வெட்டில் நிற்கும்,
கட்டர் தண்டைக் கடித்துக்கொண்டு உடையும்,
வாடகை மட்டும் நிற்காமல் ஓடும்.
என் கட்டர் ஒன்றும் அப்படிப் போயிருக்கிறது.
நானும் அன்று ஏதாவது செருகத் தேடினேனா?
தேடினேன். கையில் தாள் இல்லை.

யார் என்று கேட்டு எழுதவில்லை.
கரும்பலகையில், பெயர்களுக்குக் கீழே:
ஸ்டார்ட்டருக்குப் புதுக் காயில், ஆளுக்கு இருநூறு.
டிக்கெட்டை எச்சில் தொட்டுப் பக்கத்தில் ஒட்டினேன்.

மறுநாள் டிக்கெட் இல்லை.
டப்பாவில் தஸ்தகீரின் இருநூறு,
எபினேசரின் இருநூறு, எல்லாம் பத்து ரூபாய்த் தாள்.
துரைவேலு பெயருக்கு நேரே நானூறு.
மீதி கேட்டு அவர் வரவில்லை.

இப்போதெல்லாம் நான் வரும்போது
மெயின் கீழேதான் இருக்கிறது.
இருந்தாலும் ஒருமுறை தொட்டுப் பார்க்கிறேன்.