ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

பேக்கரி பில்லின் பின்பக்கம்
பவானியை வரைகிறாள் ரிஸ்வானா.
நெல்லித்துறையில் ஒரு புள்ளி,
சிறுமுகையில் ஒரு புள்ளி,
நடுவே மூன்றிடத்தில் பேனா நடுங்குகிறது.
அங்கெல்லாம் பாறை.
தேங்காய் பன்னின் எண்ணெய்
இரண்டாம் பாறைக்குக் கீழே ஊறி
ஆழமாகக் காட்டுகிறது.
இருக்கலாம். நாங்கள் யாரும் அளந்ததில்லை.

படகு இரண்டு, ஆள் மூன்று. ஹெல்மெட் நாலு,
அதில் ஒன்று பைக்குடையது.
"தலைக்கு எதுனா ஒண்ணுதானுங்க"
என்கிறான் மௌனசாமி,
உட்கார்ந்ததிலிருந்து வாய் மூடாதவன்.
கவிழ்ந்தால் மல்லாந்துக்கோ,
காலை முன்னால நீட்டிக்கோ,
எந்திரிச்சு நிக்க மட்டும் பாக்காதே,
பாறையிடுக்கு காலைக் கவ்விக்கும்.
மூன்றாம் தடவை சொல்கிறான்.
மேசைக்கடியில் பாதங்களை
ஒருமுறை நீட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

எல்லாம் சரி, தண்ணீர்?

மலை வரைக்கும்தான் அது மழையின் ஆறு.
பில்லூருக்குக் கீழே மின்வாரியத்தின் ஆறு.
டர்பைனைச் சுற்றிவிட்டு இறங்கி வரும்,
துவைக்கிறவர்கள் துணியை வாரிக்கொண்டு
கரையேறுவதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.
மற்ற நேரம் முழங்காலளவு.
படகு நம்மைச் சுமக்காது,
நாம் படகைச் சுமக்கலாம்.

பவர்ஹவுஸ் கேன்டீனில் இருக்கும் மாமுவை
ஸ்பீக்கரில் போடுகிறாள் ரிஸ்வானா.
"ஞாயித்துக்கெழமையா?
மில்லு லீவு, கம்பெனி லீவு,
எவன் கண்ணு கரண்டு கேக்கறான்?
பொதங்கெழமை வா.
நுங்கும் நுரையுமா வரும்."

அன்னூரில் என் ஓவர்லாக் மெஷின்,
காரமடையில் மௌனசாமியின் தறி,
கணபதியில் ரிஸ்வானா
பம்புகளை ஓடவிட்டுப் பார்க்கும் தொட்டி.
இவற்றின் ஸ்விட்சு விழுந்தால்தான்
ஆறு எழுந்திருக்கும்.
அணைத்துவிட்டு ஓடி வந்தால்
அதுவும் படுத்திருக்கும்.
எங்களுக்கும் அதற்கும் ஒரே வார விடுமுறை.

பேக்கரியில் அப்போதுதான்
பால் பொங்கும் சத்தம் கேட்டது,
மௌனசாமி பேசாமலிருந்ததால்.

புதன்கிழமைக்கு நான் பல்வலி எடுத்துக்கொண்டேன்.
மௌனசாமி காதுகுத்து என்றான்.
"யாருக்குடா?"
"படகுக்கு."
ரிஸ்வானா மட்டும் பொய் சொல்லமாட்டாளாம்.
"வாட்டர் டெஸ்டிங்னு எழுதித் தந்துட்டு வர்றேன்."

எழுந்தோம். நூற்று இருபத்தைந்து ரூபாய்.
பில்லு குடுங்க என்று கை நீட்டினார் கல்லாக்காரர்.
கொடுக்க மனசில்லாமல் கொடுத்தாள்.
கணக்குக் கம்பியில் குத்தினார்,
மூன்றாம் பாறைக்குச் சற்றுக் கீழே.