நாற்பத்தேழு

அவிநாசி ரோட்டு லேப்பில் கவரைப் பிரித்தேன்.
சோடி சோடியாய் நெளியும் புழுக்கள் மாதிரி ஒரு படம்.
கடைசியில் மட்டும் மூன்று:
எக்ஸ், எக்ஸ், ஒய்.
"பிறவியிலயே இருந்திருக்குதுங்க.
ஐநூறு, அறுநூறு ஆம்பளைல ஒருத்தருக்கு."
டாக்டர் பேனாவை மூடினார்.

சோமனூர் வரைக்கும்
சீட் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

பாவில் ஓரிழை கூடினால்
தறி நிற்காது, துணி கிழியாது,
விரல் வைத்தால்தான் தெரியும்.
முப்பத்தாறு வருசம்
யாரும் விரல் வைக்கவில்லை.
எல்லா விரலும்
கோகிலவாணியைத்தான் நீட்டின.

ஒன்பதாவது வருசக் கசாயம்,
அம்மா காய்ச்சியது.
மூக்கைப் பிடித்தபடி
டம்ளரோடு நிற்கிறாள்.

வாங்கி
ஒரே மடக்கில் குடித்தேன்.

"ஏனுங்க, அது எனக்கு வெச்சதுங்க."

கசப்பு இறங்கட்டும் அம்முணி,
சொல்கிறேன்.