தலைப்பு என்ற கட்டம்

பெட்டி ஏழு.
பால் கம்பெனியின் நீல பிளாஸ்டிக் கூடை.
'திருப்பித் தராதவர் மீது வழக்கு' என்று
பக்கவாட்டில் இன்னும் மிரட்டிக்கொண்டிருக்கிறது.
முப்பத்தாறு வருடமாக யாரும் போடவில்லை.

பாஸ்டன் துறைமுகக் காற்று ஜன்னலை உலுக்க
உள்ளே பதினெட்டு டிகிரி, எப்போதும் பதினெட்டு.
லுர்டெஸ் மொன்டெய்ரோ கோட்டைக் கழற்றவில்லை.
இருபத்தெட்டாம் எண் பஸ் ஓட்டுகிறார்,
மூன்றே காலுக்கு ஷிஃப்ட்.

உறையை உருவுகிறேன்.
தட்டின் நடுவே லேபிள் இல்லை,
காகிதம் ஊறி உரிந்த வெள்ளைத் தழும்பு.
அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.
இருநூற்றுப் பன்னிரண்டும் மொட்டை.

"குளியல் தொட்டியில ஊறப்போட்டு
நான்தான் சுரண்டினேன்.
ரெஜினால்ட் என் தோளுக்கு மேல எட்டிப் பார்ப்பான்.
சனிக்கிழமை நான் போட்டா
ஞாயித்துக்கிழமை அவனும் அதையே போடுவான்."

படிவத்தின் முதல் கட்டம்: தலைப்பு.
பென்சிலைப் பிடித்தபடி காத்திருக்கிறேன்.
அவர் என்னைப் பார்க்கிறார்,
சில்லறை இல்லாமல் ஏறிய பயணியைப் பார்ப்பதுபோல.

"ரெஜினால்ட் இன்னும் இருக்கான்மா.
ப்ராக்டன்ல. முட்டி ஆபரேஷன் முடிஞ்சிருக்கு.
நான்தான் சூப் கொண்டுபோய்க் குடுத்தேன்."

சரி. அடுத்த கட்டம்: நிலை.
விளக்கடியில் சாய்த்துப் பிடிக்கிறேன்.
தட்டு முழுக்கக் கறுத்து மினுங்க
ஒரே ஒரு இடம், விரல் அகலம், சாம்பல் பூத்திருக்கிறது.
நாக்கு திரும்பத் திரும்பப் போகும் பல்லிடுக்குபோல
ஊசி போய்ப் போய் வந்த இடம்.
வேறெந்த நூலகத்திலும் இதற்குச் சேதம் என்று பெயர்.
பழக்கதோஷத்தில் நானும் 'சே' வரை எழுதிவிட்டேன்.
அவர் மூச்சை இழுத்தது கேட்டது.
அழித்தேன்.

வெறும் விரலை அதன்மேல் வைக்கிறார்.
விதி இருக்கிறது, சொல்லவில்லை.
கால் அங்குலம் முன்னே,
கால் அங்குலம் பின்னே,
மணிக்கட்டு மட்டும் இருபது வயதில்.
சத்தமே இல்லை.
ஆனாலும் பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

எத்தனை ஆண்டுகள் மூடி வைக்க?
பத்து, இருபத்தைந்து, ஐம்பது.
"அவன் போறவரைக்கும்" என்றார்.
கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே,
"இல்ல, நான் போறவரைக்கும்னு போடு.
எது பிந்துதோ அது."

மணி மூன்று இருபது.
யாரோ ஒரு நிறுத்தத்தில் கடிகாரத்தைப் பார்த்துத் திட்டுவார்கள்.

பக்கத்து அறையில் ஓட்டும் கருவி இருக்கிறது.
மூன்று நொடி கேட்டால் போதும்,
பாடியவர், ஆண்டு, எல்லாம் சொல்லிவிடும் என் ஃபோன்.
லாக்கரில் கிடக்கிறது. கிடக்கட்டும்.

தலைப்பு: கொடையாளிக்குத் தெரியும்.
தலைப்பு: மேற்படி.
தலைப்பு: மேற்படி.